அப்பத்தா விரலும் ஆக்சிமீட்டரும்

மார்கழிக் காலை, கானாடுகாத்தான் வீடு. அப்பத்தா வளவு முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை அவர் விரலில் சும்மா மாட்டிப் பார்த்தேன். 84தான்! பகீரென்றது. ஆனால் மூச்சு வாங்கவில்லை, உதடும் நீலம் பாரிக்கவில்லை. "எனக்கு ஒண்ணுமில்லப்பா, ஒன் பொட்டியப் பாரு" என்றார்.

பேட்டரி மாற்றினேன். 86. அப்பத்தா விரலில் இருந்த மருதாணி மேல் பழி போட்டேன். என் விரலில் மாட்டினால் 91. எனக்கு ஏது மருதாணி?

கருவியின் வாயைப் பிளந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ரப்பர் மெத்தை நடுவே உள்ள சின்னக் கண்ணாடியில் வெள்ளையாக ஒரு படலம். திருநீறு! பூசிய விரலோடு தினமும் மாட்டியதில் படிந்திருக்கிறது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன்.

இந்தக் கருவியின் சூத்திரம் 1970களில் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி கண்டது. சுமார் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் 940 அகச்சிவப்பையும் விரல் வழியே அனுப்பி, நாடி துடிக்கும்போது ஏறி இறங்கும் பங்கை மட்டும் கணக்கெடுக்கும். கை சில்லிட்டால் அந்தத் துடிப்பே மங்கிவிடும்; வெயில் உள்ளே புகுந்தாலும் கணக்கு குழம்பும். நான் இரண்டையும் சேர்த்தே செய்திருக்கிறேன்.

அப்பத்தாவை வெயில் படாத பட்டாலைக்குள் உட்காரவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கை நனைத்துத் துடைத்தேன். கருவி காட்டிய நாடி 74. மணிக்கட்டைப் பிடித்து எண்ணினாலும் 74. அது ஒத்துப்போன பிறகுதான் ஆக்சிஜன் எண்ணைப் பார்த்தேன்: 97.

"இதுக்கா காபியை ஆறவிட்டே?" என்றார் அப்பத்தா.