ஜென்வியெவ்: பெயருக்குப் பொருள் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜென்வியெவ் என்ற பிரெஞ்சுப் பெண் பெயருக்கு இணையத்தில் பொருள் தேடினால் பல இடங்களில் ‘வெள்ளை அலை’ என்று போட்டிருக்கும். தயவுசெய்து நம்பாதீர்கள். அது வெல்ஷ் மொழிவழி வந்த குவினிவியர், ஜெனிஃபர் பெயர்களுக்குச் சொல்லும் விளக்கம். ஓசை ஒத்துப்போவதால் இதற்கும் ஒட்டவைத்துவிட்டார்கள். ஜெனீவா நகரத்தோடு முடிச்சுப் போடுவதும் அதே கதைதான்.

இதன் லத்தீன் வடிவம் கெனோவேஃபா. குலம், பெண் என்று பொருள்படும் ஜெர்மானியச் சொற்கள் சேர்ந்தது என்பது ஒரு தரப்பு. பழைய கோல் நாட்டுக் (இன்றைய பிரான்ஸ் பகுதி) கெல்டிக் பெயர் என்பது இன்னொரு தரப்பு. இன்னும் முடிவாகவில்லை. அதனால் ‘குலமகள்’ என்று எழுதினால் ‘எனக் கருதப்படுகிறது’ என்றும் சேர்த்துவிடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, இரண்டு ஜென்வியெவ்களை ஒருவராக்குவது. நமக்கு இது எளிதில் நேரும். 1953இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த ‘ஜெனோவா’ படத்தின் மூலக்கதை, ஐரோப்பாவின் பிரபான்ட் பகுதியைச் சேர்ந்த ஜென்வியெவின் கதை. கணவன் போருக்குப் போன நேரத்தில் வீண்பழி சுமந்து, கைக்குழந்தையோடு காட்டில் வாழ்ந்த சீமாட்டி அவள். அது இடைக்காலக் கதை, வரலாறு அல்ல.

பிரான்சில் இந்தப் பெயரை நிலைநிறுத்தியவர் வேறொருவர்: பாரிஸ் நகரின் பாதுகாவலரான புனித ஜென்வியெவ். 5ஆம் நூற்றாண்டில், பாரிசுக்குப் பக்கத்தில் உள்ள நாந்தேரில் பிறந்தவர். 451இல் ஹூணர்களின் அரசன் அட்டிலாவின் படை வருகிறது என்று ஊரே மூட்டை கட்டியபோது, ஓடாதீர்கள் என்று மக்களைத் தடுத்தவர். பின்னாளில் பிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தார் நகரைச் சூழ்ந்து பஞ்சம் வந்தபோது, சென் ஆற்றில் படகுகளோடு போய்த் தானியம் ஏற்றி வந்தார் என்கிறது அவருடைய பழைய சரிதம். தன் ஊருக்குச் சோறு கொண்டுவந்த பெண் என்பதை எந்த அகராதிப் பொருளுக்கும் மேலாக நான் மதிக்கிறேன்.

பாரிசின் பாந்தியோன் முதலில் அவருக்கான தேவாலயமாகவே கட்டப்பட்டது. 1791இல்தான் நாட்டின் பெரியோருக்கான நினைவிடமானது. நாஜி வதைமுகாமிலிருந்து மீண்ட போராளி ஜென்வியெவ் த கோல்-அந்தோனியோசுக்கு 2015இல் அங்கே இடம் கிடைத்தது.

அப்புறம், உச்சரிப்பு. ‘ஜெனிவீவ்’ ஆங்கில வழக்கு. பிரெஞ்சுக்காரர்கள் நடு உயிரெழுத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள். செல்லமாகக் கூப்பிடும்போது ஜினெத்.