குடுவைச் செடிக்கு போர் தண்ணீர் ஆகாது

நர்சரியில் வாங்கும்போது ஏழெட்டுக் குடுவைகள் தொங்கிய செடி, ராமநாதபுரம் வந்த இரண்டாம் மாதமே வெறும் இலையோடு நிற்கும். “இந்த வெயில் அதுக்குத் தாங்காது” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வெயிலைக் குறை சொல்லுமுன் என்ன தண்ணீர் ஊற்றினோம் என்று பார்க்க வேண்டும்.

சத்தே இல்லாத மண்ணில் வளர்ந்து பழகிய செடி இது. தழைச்சத்தைக் குடுவைக்குள் விழும் பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்வதால், வேர் உப்பையும் உரத்தையும் தாங்காது. தண்ணீரின் டிடிஎஸ், அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற கணக்கு, 50க்குள் இருந்தால் நல்லது, 100 வரை சமாளிக்கும். கீழக்கரை, தொண்டி பக்கத்து போர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டர் ஆயிரத்தைத் தாண்டினால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். உப்பு ஏறினால் முதலில் கருகுவது இலை நுனி. குடுவை உருவாவதும் அதே நுனியிலிருந்து நீளும் கொடியில்தான். அதனால் இலை பச்சையாக இருக்கும், குடுவை மட்டும் வராது.

ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வையுங்கள். முதல் பத்துப் பதினைந்து நிமிடத் தண்ணீரை விட்டுவிடுங்கள். கடல்காற்று மொட்டைமாடியில் படியவைத்த உப்பு அதோடு போய்விடும். ஆறங்குலத் தொட்டிக்கு நாளொன்றுக்குக் கால் லிட்டர் என்று வைத்தால், தையிலிருந்து புரட்டாசி வரை ஒரு செடிக்கு எழுபது லிட்டர் போதும். கேன் தண்ணீர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஊற்றாதீர்கள். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் உட்கார வைப்பதும் தப்பு. ஈரம் இருக்க வேண்டும், தேங்கினால் வேர் அழுகும்.

அடுத்த தப்பு மண். செம்மண், ஆட்டு எரு, மண்புழு உரம் எதுவும் வேண்டாம். ஸ்பாக்னம் பாசியும் (ஈரம் பிடிக்கும் சதுப்புநிலப் பாசி) பெர்லைட்டும் (பொரித்த எரிமலைக் கல், வெள்ளைக் குருணை) சம அளவில் கலந்தால் போதும். தேங்காய் நார்த்துண்டு போடுவதானால், அது உப்புத் தண்ணீரில் ஊறிய நாராக இருக்கலாம். மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, கடைசியாக மழைத்தண்ணீரில் அலசுங்கள். கடற்கரை மணலைத் தொடவே வேண்டாம். சந்தேகமிருந்தால் ஒரு கைப்பிடி மணலில் எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள். நுரைத்தால் அதில் சிப்பித்தூள் இருக்கிறது. அந்தச் சுண்ணாம்பு செடிக்கு ஆகாது.

குடுவைக்குள் விரலை விட்டுவிட்டு, “மூடி மூடவே இல்லையே” என்று கேட்பவர்கள் உண்டு. மூடாது. தொட்டால் மூடுவது வீனஸ் ஈப்பொறி, அது வேறு செடி. இங்கே மூடி மழைக்குக் குடை, அதன் அடிப்பக்கம் சுரக்கும் தேன் பூச்சிக்கு அழைப்பு. பொறியின் சூட்சுமமெல்லாம் வாய் விளிம்பில் இருக்கிறது. பளபளவென்று உள்ளே சரியும் அந்த வளையத்தில் நுண்ணிய வரிகள் ஓடும். அது காய்ந்திருக்கும்போது எறும்பு சாவகாசமாகத் தேன் குடித்துவிட்டுப் போய்க் கூட்டத்தைக் கூட்டிவரும். மழையோ பனியோ பட்டு விளிம்பு நனைந்துவிட்டால் வரிகள் நெடுகத் தண்ணீர்ப் படலம் பரவும், கால் பிடிக்காது. நனைந்த நேரத்தில் வந்த கூட்டம் வரிசையாக உள்ளே விழும். பல இனங்களில் உட்சுவரின் மேல்பகுதியில் மெழுகு வேறு பூசியிருக்கும், ஏற முடியாது. அடியில் இருப்பது அமிலமும் செரிமான நொதியும் கலந்த திரவம், சில இனங்களில் அது கோழையாக இழுக்கும்.

அந்தத் திரவத்தைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் நிரப்புவது பெருந்தவறு. பஸ்ஸில் கொண்டுவரும்போது சிந்திப்போனால் மட்டும், கால் பாகம் மழைத்தண்ணீர் விடலாம். திறக்காத குடுவையின் மூடியை நகத்தால் நெம்பாதீர்கள், நேரம் வந்தால் தானே திறக்கும்.

தீனி விஷயத்தில் நம் ஊருக்கே உரிய தப்பு ஒன்று உண்டு: கருவாட்டுத் துண்டு, இறால் தலை. கருவாட்டில் உப்பு. இறால் தலை, செரிக்கும் முன்பே நாறி, குடுவை அடியிலிருந்து கறுத்துவிடும். வெளியில் வைத்த செடி தன் எறும்பைத் தானே பிடித்துக்கொள்ளும். வீட்டுக்குள் இருந்தால் குடுவைக்கு மாதம் ஓர் ஈ ஏராளம். கொசுவை ஒழிக்கும் என்று நம்பி வாங்குவதும் வீண். காடுகளில் சில கொசு இனங்களின் புழுக்கள் இந்தத் திரவத்துக்குள்ளேயே வளர்கின்றன!

காற்றையும் கவனிக்க வேண்டும். 1737இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் நெபந்தஸ் என்று அறிவியல் பேர் வைத்தது இலங்கையின் குடுவைச் செடிக்குத்தான். கடலுக்கு அந்தப் பக்கம்தானே என்று நினைக்கலாம், ஆனால் அது தென்மேற்கு இலங்கையின் ஈரமான காட்டுச் செடி. நம் பக்கம் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் கொடி நுனியின் மொட்டு காய்ந்து சுருங்கிவிடும். கிழக்குப் பக்கச் சுவரோரம், ஐம்பது சதவீத நிழல்வலைக்குள், மற்ற தொட்டிகளுக்கு நடுவே வையுங்கள். காலையில் இலைமேல் மழைத்தண்ணீர் தெளியுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வெயிலில் விட்டால் செடி அவிந்துபோகும்.

குடுவை காய்ந்துவிட்டால் அதை மட்டும் கத்தரியுங்கள். பச்சை இலை இன்னும் சமைத்துக்கொண்டுதான் இருக்கும்.

வாங்கும்போது வென்ட்ராட்டா, மிராபிலிஸ் என்ற குடுவைச் செடி வகைகளைக் கேளுங்கள். இந்தியாவின் ஒரே சொந்த இனமான காசியானா மேகாலயா மலைச்செடி, அதற்கு இரவுக் குளிர் வேண்டும். காட்டிலிருந்து பிடுங்கிய காசியானாவை விற்பதும் வாங்குவதும் 1972 வன உயிரினச் சட்டப்படி குற்றம். நர்சரியில் பதியம் போட்டதுதானா என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்.