சதுர அடி ரேட் மட்டும் போதாது: சேலத்திலும் ஏற்காட்டிலும் வீட்டுத் தோட்டம் போட என்ன செலவாகும்?

வீடு கட்டி முடித்த கையோடு, முன்னால் கிடக்கும் இடத்தில் புல்லும் செடியும் வைக்க ஆள் தேடினால், சேலத்தில் சதுர அடிக்கு 40 ரூபாய் என்பவரும் கிடைப்பார், 200 ரூபாய் என்பவரும் கிடைப்பார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. 40 ரூபாய்க்காரர் புல்லையும் பதிக்கும் கூலியையும் மட்டும் கணக்குப் போட்டிருக்கிறார். மண் உங்கள் பாடு. 200 ரூபாய்க்காரரின் கணக்கில் மண், கல், குழாய், மூன்று மாதப் பராமரிப்பு எல்லாம் இருக்கலாம். வெறும் லாபமாகவும் இருக்கலாம். எது என்று தெரிய வேண்டுமானால் ரேட் கேட்பதற்கு முன் கடப்பாரையை எடுக்க வேண்டும்.

இங்கே வரும் ரூபாய்க் கணக்கு தோராயமானது. டீசல், கூலி, குவாரி நிலவரத்தைப் பொறுத்து ஏறும், இறங்கும். அளவுகள் மாறாது. ரேட்டை மட்டும் உங்கள் பகுதி விலைக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் தோண்டிப் பாருங்கள்

இடத்தின் நான்கு மூலையிலும் ஒன்றரை அடி ஆழம் தோண்டுங்கள். புது வீடுகளில் பெரும்பாலும் முதலில் வருவது உடைந்த டைல்ஸ், சிமெண்ட் கட்டி, சுண்ணாம்பு, கம்பித் துண்டு. கட்டட வேலை முடிந்ததும் குப்பையைத் தள்ளி மேலே நாலு கூடை மண் போட்டு மூடிவிடுவது வழக்கம். அதன்மேல் புல் வைத்தால் இரண்டு மாதம் பச்சையாக இருக்கும். வேர் சிமெண்டைத் தொட்டதும் திட்டுத் திட்டாக மஞ்சளாகும். குப்பையை அள்ளி வெளியேற்ற ஜே.சி.பி. இரண்டு மணி நேரமும், டிப்பர் இரண்டு நடையும் ஆகும். கொட்டேஷனில் இந்த வரி இல்லையென்றால் பிற்பாடு 'எக்ஸ்ட்ரா' என்று வந்து நிற்கும்.

குப்பை இல்லாமல் கப்பி, அதாவது பாதி சிதைந்த பாறை, தட்டினால் வேறு கணக்கு. இளகிய செம்மண்ணில் ஓர் ஆள் நாளைக்கு மூன்று மரக்குழி, அதாவது மூன்றடி நீளம், அகலம், ஆழத்தில், வெட்டுவார். கப்பியில் ஒன்று வெட்டினாலே பெரிது. ஐந்து மரம் வைக்க வேண்டுமென்றால் கூலியில் மட்டும் மூன்று மடங்கு வித்தியாசம்.

சேலத்தில் மாமாங்கம், ஜாகீர் அம்மாபாளையம் பக்கம் இருப்பவர்கள் கூடுதலாக ஒன்று செய்ய வேண்டும். அது வெள்ளைக்கல் பூமி. மேக்னசைட் என்னும் அந்த வெள்ளைத் தாது கலந்த மண்ணில் காரத்தன்மை அதிகம். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. இட்லிப்பூச் செடியில் நரம்பு பச்சையாகவும் இலை வெளுத்தும் போவது இதனால்தான். யூரியாவை அள்ளிப் போட்டால் தீராது. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை இலையில் தெளித்தால் நிறம் திரும்பும். ஆனால் காலம் முழுக்கத் தெளித்துக்கொண்டிருக்க முடியாது. மண் பரிசோதனை செய்துவிட்டு, தேவைப்பட்டால் மேல்மண்ணை மாற்றுவதே மலிவு. சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் இதைப் பற்றி விசாரிக்கலாம்.

ஆயிரம் சதுர அடிக்கு ஒரு கணக்கு

சேலத்தில் சமதளமான 1,000 சதுர அடி. 600 புல், 150 நடைபாதை, மீதி 250 செடிப் பாத்தி என்று வைத்துக்கொள்வோம்.

குப்பை அகற்ற, ஜே.சி.பி.யும் டிப்பரும்: 6,000
செம்மண் 2 டிப்பர்: 12,000
தொழு உரம் 1 டிராக்டர்: 4,500
வேப்பம் புண்ணாக்கு 50 கிலோ: 1,500
மண் பரப்பி மட்டம் பார்க்க 8 ஆள்: 7,200
மெக்சிகன் புல் 600 சதுர அடி, பதிக்கும் கூலியுடன்: 10,200
பேவர் (தரையில் பதிக்கும் சிமெண்ட் கல்) நடைபாதை 150 சதுர அடி: 12,000
சிறு செடி 100, பெரிய கன்று 5: 6,500
தண்ணீர்க் குழாய், சொட்டுநீர்: 8,000

மொத்தம் 67,900. ஒப்பந்ததாரரின் மேற்பார்வைக்கும் லாபத்துக்கும் 20 முதல் 25 சதவீதம் நியாயம். அதைச் சேர்த்தால் 81,000 முதல் 85,000. பில் போடுபவராக இருந்தால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து ஒரு லட்சத்தைத் தொடும். செடிக்கு மட்டும் நர்சரியில் வாங்கும்போது ஜி.எஸ்.டி. கிடையாது. அதனால் பெரிய பனை வகைகள், விலையுள்ள மரக்கன்றுகள் இருந்தால் நீங்களே நேரில் போய்ப் பார்த்து வாங்கி, நடும் கூலியை மட்டும் தனியாகப் பேசுவது லாபம். ஆனால் நீங்கள் வாங்கிய செடி பட்டுப்போனால் அவர் பொறுப்பேற்க மாட்டார்.

இரண்டு டிப்பர் மண் எங்கிருந்து வந்தது? ஆயிரம் சதுர அடியில் ஆறு அங்குலம் போட 500 கன அடி வேண்டும். நூறு கன அடி ஒரு யூனிட். ஆக ஐந்து யூனிட். கொட்டும்போது உதிரியாக இருக்கும் மண் தண்ணீர் விட்டதும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இறங்கிவிடும். எனவே ஆறு யூனிட், மூன்று யூனிட் டிப்பரில் இரண்டு நடை. 'ஒரு லோடு போதும் சார்' என்பவர் மூன்று அங்குலம்தான் போடப் போகிறார். லோடு வரும்போது டிப்பர் தொட்டியின் நீளம், அகலம், மண் நிற்கும் உயரம் மூன்றையும் டேப் பிடித்துப் பாருங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், பழக்கம்தான்.

செம்மண்ணில் கோரைக்கிழங்கு இருக்கிறதா என்று பார்ப்பது இதைவிட முக்கியம். ஏரி ஓரத்திலும் பழைய வயலிலும் எடுத்த மலிவு மண்ணோடு அது வந்து சேரும். புல்லுக்குள் ஒருமுறை புகுந்துவிட்டால் மேலே பிடுங்கப் பிடுங்கக் கீழே கிழங்கு பெருகும்; கடைசியில் புல்லையே உரித்தெடுக்க வேண்டி வரும். மண்ணைப் பரப்பியதும் உடனே புல் வைக்க விடாதீர்கள். பதினைந்து நாள் தண்ணீர் விட்டு முளைக்க விட்டு, கிழங்கோடு கொத்தி எடுத்து, இன்னொரு முறை தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டுப் புல்லைப் பதிக்கச் சொல்லுங்கள். ஒப்பந்ததாரருக்கு இது பிடிக்காது, ஆள் இரண்டு முறை வர வேண்டும். அதற்காக இரண்டாயிரம் சேர்த்துக் கொடுத்தாலும் தகும்.

எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது

புல்லில் குறைக்கலாம். உருட்டி வரும் புல்லை அப்படியே விரிக்காமல், பிய்த்து நான்கு அங்குல இடைவெளியில் ஊன்றினால் ஒரு சதுர அடிப் புல் எட்டுச் சதுர அடிக்கு வரும். மூடுவதற்கு இரண்டரை மூன்று மாதம் பிடிக்கும், அதுவரை களை எடுக்க வேண்டும். பொறுமை இருந்தால் சரி. மெக்சிகன் புல்லுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். மாமரத்தடியில் அதை வைப்பது பணத்தை மண்ணில் போடுவது. நிழலுக்கு எருமைப் புல் வையுங்கள், அல்லது புல்லே வேண்டாம்.

புல்லின் உண்மையான விலை தண்ணீரில் இருக்கிறது. சித்திரை வெயிலில் 600 சதுர அடிப் புல் நாளொன்றுக்கு ஏறக்குறைய 280 லிட்டர் கேட்கும், மாதத்துக்கு 8,000 லிட்டருக்கு மேல். கோடையில் போர் வற்றும் வீடு என்றால் புல்லைப் பாதியாக்கி, அந்த இடத்தில் காகிதப்பூ, அரளி, நந்தியாவட்டை வையுங்கள். சொட்டுநீரில் வடிகட்டி கண்டிப்பாக வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ட்ரிப்பர்களும் (தண்ணீர் சொட்டும் முனைகள்) கழற்றிச் சுத்தம் செய்யும் வகையாக இருக்க வேண்டும்.

பேவருக்கு அடியில் குறைக்கக் கூடாது. நடக்க மட்டும் என்றால் 60 மில்லிமீட்டர் கல், அடியில் நான்கு அங்குலம் ஜல்லிக் கலவை போட்டு இடித்து இறுக்கியது. கார் ஏறும் என்றால் 80 மில்லிமீட்டர் கல், அடியில் ஆறு அங்குலம். ஓரத்தில் கான்கிரீட் கட்டை இல்லாவிட்டால் கல் பக்கவாட்டில் நகர்ந்து இடைவெளி விழும். நிரப்பு மண்ணின் மேல் நேரே எம்-சாண்ட் கொட்டிக் கல் பதித்தால் முதல் ஐப்பசி மழையிலேயே டயர் தடம் பள்ளமாகும்.

ஏற்காடு வேறு கணக்கு

சேலத்திலிருந்து முக்கியப் பாதையில் மேலே போகும் எதுவும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் போக வேண்டும். செடியும் புல்லும் சேலத்து விலைதான். வாடகையும் கூலியும்தான் கூட்டும். கல், மண் வேலைகளுக்குச் சேலத்தைவிட நூற்றுக்கு முப்பது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மண்ணை மட்டும் கீழிருந்து ஏற்ற வேண்டாம். அங்கேயே இலை மக்கிய நல்ல மேல்மண் இருக்கிறது. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும் முன்பே மேலே உள்ள ஆறு அங்குலத்தை வழித்து ஒரு பக்கம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லுங்கள்.

பணம் போவது தடுப்புச் சுவருக்கு. சரிவை இரண்டு தட்டாக்க ஒரு சுவர் என்று வைத்துக்கொள்வோம்: 30 அடி நீளம், தரைக்கு மேல் 4 அடி, கீழே அஸ்திவாரம் ஒன்றரை அடி. அடியில் அகலம் இரண்டே முக்கால், உச்சியில் ஒன்றே கால். கருங்கல் கட்டு 330 கன அடி வரும். கன அடிக்கு 230 முதல் 300 என்றால் முக்கால் லட்சத்திலிருந்து ஒரு லட்சம். தோட்டத்தின் மற்ற செலவெல்லாம் சேர்ந்தாலும் சில வீடுகளில் இவ்வளவு வராது. அடி அகலத்தில் கைவைத்துச் செலவைக் குறைக்கப் பார்க்காதீர்கள். சுவர் சாய்வது மண்ணின் பாரத்தால் மட்டுமல்ல, பின்னால் தேங்கும் தண்ணீராலும்தான். ஐந்தடிக்கு ஒரு 3 அங்குல பி.வி.சி. குழாய், வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக. பின்னால் ஓரடி அகலத்துக்கு ஜல்லி. இந்த இரண்டும் கொட்டேஷனில் எழுத்தில் இருக்க வேண்டும். ஆறடிக்கு மேல் சுவர் என்றால் கொத்தனார் கணக்கு போதாது, பொறியாளர் வரைபடம் வேண்டும்.

மரம் வெட்டவும் மண் வெட்டும் இயந்திரம் இறக்கவும் முன் அனுமதி பற்றி விசாரித்துவிடுங்கள். மலைப்பகுதி மரங்களுக்கென்றே 1955ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஒரு சில்வர் ஓக்கைச் சாய்ப்பதும் தோட்டக்காரர் முடிவு செய்யும் விஷயம் இல்லை. காட்டெருமை வந்து போகும் பக்கமானால் வேலிச் செலவைப் புல்லுக்கு முன்பே எழுதுங்கள். வேலை நேரமும் வேறு: சுவரும் மண் வெட்டும் தையிலிருந்து பங்குனிக்குள், நடவு முதல் மழைக்குப் பின். கீழே சேலத்தில் ஆனியிலிருந்து புரட்டாசி வரை நடலாம். சித்திரை, வைகாசியில் புல் பதிக்கச் சொல்பவரிடம் தண்ணீர் யார் ஊற்றுவது என்று கேளுங்கள்.

பணம் கொடுக்கும் முறை

முன்பணம் 30 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். மண் வந்து அளந்த பிறகு 30, புல்லும் பேவரும் முடிந்ததும் 30. கடைசி 10 சதவீதத்தை, மூன்றாவது முறை புல் வெட்டிய பிறகு கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். கோரை முளைப்பது, பேவர் இறங்குவது, மழைத்தண்ணீர் வீட்டுச் சுவர்ப் பக்கம் தேங்குவது எல்லாம் பெரும்பாலும் அதற்குள் வெளியே வந்துவிடும். பட்டுப்போன செடியை 90 நாளுக்குள் மாற்றித் தருவதும் அதே தாளில் இருக்கட்டும். அதற்குப் பின் வாரம் ஒருமுறை தோட்டக்காரர் வந்துபோக மாதம் 2,000 முதல் 4,000 ஆகும். புல் வெட்டும் மெஷின் யாருடையது என்பதை முதல் மாதமே பேசிவிடுங்கள்.