வசூலுக்குப் பின்னும் நட்டம்: ‘ரஸ்புடின் அண்ட் தி எம்ப்ரஸ்’ கணக்கைச் சரிபார்ப்பது எப்படி?

தயாரிப்புச் செலவு 10,22,000 டாலர். வரவு 13,79,000 டாலர். அப்படியும் படத்தை எடுத்த ஹாலிவுட் ஸ்டுடியோ எம்ஜிஎம்முக்கு 1,85,000 டாலர் கையைக் கடித்தது. பேரிமோர் உடன்பிறப்புகள் மூவரும் சேர்ந்து நடித்த, ரஷ்யாவின் கடைசி ஜார் மன்னர் குடும்பத்தின் கதையைச் சொல்லும் 1932-ஆம் ஆண்டுப் படம் இது.

எந்த எண்ணையும் தொடுமுன் அது கிராஸா (மொத்த டிக்கெட் வசூல்), ஷேரா (அதில் ஸ்டுடியோவுக்கு வந்த பங்கு) என்று பாருங்கள். எம்ஜிஎம் படங்களுக்கு ஆதாரம், அதன் நிர்வாகி எட்டி மானிக்ஸின் பேரேடு. அதிலுள்ள வரவு டிக்கெட் வசூல் அல்ல. தியேட்டர்காரர் பங்கு போக ஸ்டுடியோவுக்கு வந்த ஷேர். இணையத்தில் பல இடங்களில் இதையே ‘வசூல்’ என்று போட்டுவிடுகிறார்கள். அதை நம்பித் தியேட்டர் பங்கை இன்னொரு முறை கழித்தால் நட்டம் பூதாகரமாகத் தெரியும்.

இனி ஆயிரங்களில் எழுதிக்கொள்ளுங்கள். அமெரிக்கா, கனடா 677, வெளிநாடு 702, கூட்டினால் 1379. செலவு 1022 போக மிச்சம் 357. ஆனால் பேரேடு காட்டுவது 185 நட்டம். அப்படியானால் 357-ம் 185-ம் சேர்ந்த 542 வேறு வகையில் போயிருக்க வேண்டும். பிரிண்ட், விளம்பரம், விநியோகச் செலவு எல்லாம் இதில்தான் வரும். தயாரிப்புச் செலவு என்பது மூல நெகட்டிவ் தயாராகும்வரை ஆனது மட்டுமே.

நட்டமில்லாமல் தப்பிக்கக் குறைந்தது 1564 வந்திருக்க வேண்டும். செலவைப்போல ஏறத்தாழ 1.53 மடங்கு. இந்த மடங்கை அப்படியே அடுத்த படத்துக்குப் போடாதீர்கள். பிரிண்ட், விளம்பரச் செலவு படத்துக்குப் படம் மாறும்.

வழக்குப் பணத்தையும் தனியே வையுங்கள். படத்தின் இளவரசி நடாஷா தன்னையே குறிக்கிறாள் என்று, ரஸ்புடினைக் கொன்றவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் யூசுபோவின் மனைவி இரினா யூசுபோவ் தொடுத்த அவதூறு வழக்கில், 1934-இல் லண்டன் நீதிமன்றம் 25,000 பவுண்டு இழப்பீடு வழங்கியது. அமெரிக்காவில் விவகாரம் சமரசத்தில் முடிந்தது. அந்தச் சமரசத் தொகையாக உலவும் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. 185-உடன் அதைக் கூட்டினால் கணக்கு கதையாகிவிடும்.

பிரிட்டிஷ் பத்திரிகைகளில் தேடும்போது ‘ரஸ்புடின் தி மேட் மாங்க்’ என்ற பெயரையும் போட்டுப் பாருங்கள். அங்கே அந்தப் பெயரில்தான் வந்தது. ஆண்டையும் சேர்த்தே தேடுங்கள். இல்லாவிட்டால் கிறிஸ்டோபர் லீ நடித்த 1966 ஹேமர் நிறுவனப் படம்தான் வந்து நிற்கும்.