வரம்புக்குள் இருக்கும் காற்று பாதுகாப்பானதா? கணக்கிட்டுப் பார்க்கும் முறை

காரைக்குடிப் பட்டறைகளில் பழைய தேக்குக் கதவுகளுக்கு மெருகேற்றப் பயன்படும் தின்னரில் (வார்னிஷைக் கரைக்கும் திரவம்) பெரும்பாலும் டொலுயீன் என்ற எளிதில் ஆவியாகும் வேதிப்பொருள் கலந்திருக்கும். அதன் ஆவி ‘வரம்புக்குள்’ இருப்பதாகச் சொன்னால், எந்த வரம்பு என்று முதலில் கேளுங்கள். இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987இல் சேர்க்கப்பட்ட அட்டவணை, எட்டு மணி நேரச் சராசரியாக 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு) வரை அனுமதித்தது. அமெரிக்கத் தொழிலகச் சுகாதார வல்லுநர் அமைப்பு 2007இல் 20க்கு மேல் கூடாது என்றது. அந்நாட்டுச் சட்டமோ 200இலேயே நிற்கிறது.

விலங்குச் சோதனைகளிலும் தொழிலாளர் ஆய்வுகளிலும் தீங்கு தென்படாத அளவைக் கண்டு, அதைப் பாதுகாப்புக்காக மேலும் குறைப்பது அறிவியலின் வேலை. சட்டமாகும்போது செலவும் தொழில்நுட்பமும் குறுக்கே வருகின்றன. ஆத்தங்குடிக் கல் செய்பவர்கள் மணலும் சிமென்டும் உலர்வாகத் தூவும்போது எழக்கூடிய, நுரையீரலைப் பாதிக்கும் சிலிக்காத் தூசிக்கு, 2016இல் அமெரிக்க அரசு கனமீட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது; அந்த அளவிலும் கணிசமான ஆபத்து எஞ்சுகிறது என்று அரசே ஒப்புக்கொண்டது. எனவே, கிடைக்கும் எண்களில் மிகக் குறைந்ததையே பின்பற்றுவது நல்லது.

அடுத்து, சராசரியைப் பிரித்துப் பாருங்கள். கதவடைத்த அறையில் இரண்டு மணி நேரம் ஸ்பிரே அடிக்கையில் 300 பிபிஎம், மீதி ஆறு மணி நேரம் 20 என்றால், (600 + 120) ÷ 8 = 90. காகிதத்தில் இது 100க்குள் அடங்கிவிடும். ஆனால் ஸ்பிரே நேரத்து 300, அதே அட்டவணை 15 நிமிடச் சராசரிக்கு வைத்த வரம்பான 150ஐப்போல் இருமடங்கு. தலைச்சுற்றல் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் வரும்.

பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்தால் உடல் நச்சை வெளியேற்றக் கிடைக்கும் நேரம் குறைகிறது. வழக்கமான திருத்தக் கணக்கின்படி வரம்பைப் பாதியாக்க வேண்டும். தின்னரில் சைலீன் என்ற இன்னொரு கரைப்பானும் கலந்திருந்தால் ஒவ்வொன்றின் அளவையும் அதனதன் வரம்பால் வகுத்துக் கூட்டுங்கள். அந்த அட்டவணையின்படி டொலுயீன் 60, சைலீன் 50 பிபிஎம் என்றால்: 60/100 + 50/100 = 1.1. ஒன்றைத் தாண்டினால் மீறல்தான். தின்னரில் கை கழுவுவதால் தோல் வழியாக ஏறும் டொலுயீன் எந்தக் காற்று அளவீட்டிலும் வராது. அந்தப் பழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும்.

சன்னல்களைத் திறந்து, ஆவியை வெளியே இழுக்கும் விசிறி வையுங்கள். துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. டொலுயீன் போன்ற கரிம ஆவிக்கான கரி வடிகட்டி பொருத்திய கவசமே வேண்டும். அளவெடுக்க வருபவரிடம், கருவியை அறை மூலையில் வைக்காமல் ஸ்பிரே அடிப்பவரின் சட்டைக் காலரில் மாட்டி, வேலை மிகுந்த நாளிலேயே அளக்கச் சொல்லுங்கள்.