பிரஷர் நார்மல் ஆனதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

"இப்பதான் பிரஷர் நார்மல் ஆயிடுச்சே, இனி எதுக்கு மாத்திரை?" சென்னையில் பல வீடுகளில் கேட்கிற பேச்சு இது. பக்கவாதத்தை வரவழைக்கும் தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன். அளவு 130/80க்கு இறங்கியதே மாத்திரையால்தான். டாக்டரைக் கேட்காமல் விட்டால் மறுபடி ஏறும். ஏறியது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. தலைவலியோ தலைசுற்றலோ வந்தால்தான் பிரஷர் என்று நினைப்பவர்கள் நிறைய. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. உள்ளே மூளையின் ரத்தக் குழாய்கள் மட்டும் கெட்டுக்கொண்டே வரும். ஒருநாள் குழாய் அடைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் வெடிக்கலாம். அதுதான் பக்கவாதம்.

விரதம், வெளியூர்ப் பயணம், மாதக் கடைசி: மாத்திரை விட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான். பணம்தான் சிக்கல் என்றால், மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள். தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

பிரஷர் பார்க்கும் விதத்திலும் கவனம் வேண்டும். காபி குடித்த கையோடு, படியேறி மூச்சு வாங்கிக்கொண்டே, சட்டைக் கைக்கு மேல் பட்டையைச் சுற்றிப் பார்த்தால் வரும் எண்ணை நம்ப முடியாது. காபி குடித்து அரை மணி கழியட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் பாருங்கள்.

அப்புறம் உப்பு. "சாம்பார்ல குறைச்சாச்சு" என்பார்கள். தட்டில் அப்பளம், மோர் மிளகாய், ஊறுகாய் மூன்றும் இருக்கும். கருவாடும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூன்கூட இல்லை. இந்துப்பு நல்லது என்று தாராளமாகப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அதிலும் பெரும்பங்கு அதே சோடியம் குளோரைடுதான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெரினாவில் நடப்பது போதாது. வாரத்துக்கு 150 நிமிட வேக நடையைப் பல நாட்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். "ரெண்டே ரெண்டு சிகரெட்தான்" என்பதும் வேண்டாம், அந்த இரண்டே ஆபத்தை ஏற்றும்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது, வந்துபோன அறிகுறியை மறந்துவிடுவதுதான். வாய் ஒருபக்கம் கோணுகிறது, டம்ளர் கையிலிருந்து நழுவுகிறது, பேச்சு குழறுகிறது. பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. "வாயுப்பிடிப்பு, தூங்கினா போயிடும்" என்று படுக்க வைத்துவிடுகிறார்கள். அது சிறு பக்கவாதமாக இருக்கலாம். பெரியது வரும் ஆபத்து அடுத்த ஒன்றிரண்டு நாட்களில்தான் மிக அதிகம். சரியாகிவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

சரியாகாமல் நீடித்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். விழுங்க முடியாமல் புரையேறலாம் என்பதால் தண்ணீரோ காபியோ கொடுக்காதீர்கள். அடைப்பா, ரத்தக் கசிவா என்று தெரியாமல் ஆஸ்பிரினும் கூடாது. 108ஐ அழைத்து, பக்கவாதம் போலிருக்கிறது என்று சொல்லுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துவையுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். நம் ஊர் நெரிசலில் அரை மணி ரோட்டிலேயே போய்விடும். அதனால் தெருமுனை கிளினிக்கில் நிற்காமல், சி.டி. ஸ்கேனும் பக்கவாத சிகிச்சையும் உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் அது எது என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.