தோழர்களின் வரலாற்றை எழுதும்போது சறுக்கும் இடங்கள்

தமிழ்நாட்டுக் கம்யூனிஸ்ட் தலைவர்களைப் பற்றி நினைவுதினக் கட்டுரை எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குவது 1964இல்தான். ப. ஜீவானந்தத்தை 'வலது கம்யூனிஸ்ட்' (பிளவுக்குப் பின் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியிலேயே இருந்தவர்களுக்கு வழங்கிய பெயர்) என்று எழுதிவிடுகிறார்கள். ஜீவா காலமானது 1963 ஜனவரி 18. கட்சி உடைந்ததோ அடுத்த ஆண்டு. 1964 ஏப்ரல் 11 அன்று தேசியக் கவுன்சில் கூட்டத்திலிருந்து 32 பேர் வெளியேறினார்கள், அதிலிருந்துதான் மார்க்சிஸ்ட் கட்சி உருவானது. என். சங்கரய்யா அவர்களில் ஒருவர். 1952 தேர்தலில் வண்ணாரப்பேட்டையில் ஜீவா வென்றார், மதுரை வடக்கில் பி. ராமமூர்த்தி வென்றார். இருவரும் அன்று ஒரே கட்சி. ராமமூர்த்தி பிறகு மார்க்சிஸ்ட் கட்சியின் முதல் அரசியல் தலைமைக் குழுவில் இருந்தார் என்பதற்காக, அந்தப் பழைய வெற்றியையும் மார்க்சிஸ்ட் கணக்கில் சேர்க்க முடியாது. 'ஒன்றுபட்ட கம்யூனிஸ்ட் கட்சி' என்று எழுதினால் சிக்கல் தீர்ந்தது.

ஊர் விஷயத்திலும் இதே அவசரம். ஜீவாவின் சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துப் பூதப்பாண்டி. அவர் பிறந்த 1907இல் அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அது தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்று.

சங்கரய்யாவை 'பட்டதாரி' என்பதும் 'டாக்டர்' என்பதும் பிழை. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர், 1941இல் இறுதித் தேர்வு நெருங்கும் நேரத்தில் கைதானார். பட்டம் வாங்கவே இல்லை. 2023இல் காமராசர் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தர முடிவெடுத்தும் ஆளுநர் கையெழுத்திடவில்லை. அந்த நவம்பரிலேயே அவர் மறைந்துவிட்டார். பட்டமில்லாத கதைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

எல்லாவற்றையும்விட மோசமானது, தேர்தல் முடிவுகளை அடுக்கிவிட்டு அதையே அரசியல் வாழ்வு என்பது. அந்தக் கணக்கில் பார்த்தால் இரா. நல்லகண்ணுவைப் பற்றி எழுத ஒன்றுமே இருக்காது. 1999இல் கோவையில் தோற்றார். சட்டமன்றத்துக்கும் போகவில்லை, நாடாளுமன்றத்துக்கும் போகவில்லை. ஆனால் கம்யூனிஸ்டுகள் மீது போடப்பட்ட நெல்லைச் சதி வழக்கில் அவர் சிறையில் கழித்த ஆண்டுகள், விவசாயத் தொழிலாளர்களோடு கழிந்த காலம், இதெல்லாம் எந்தத் தேர்தல் அட்டவணையில் வரும்? சிறை, தலைமறைவு, சங்க வேலை என்று ஆண்டுவாரியாகக் குறித்துக்கொண்டு, தேர்தலை நடுவில் செருகுங்கள்.

பதவிப் பெயரிலும் கவனம் வேண்டும். இந்தக் கட்சிகளில் 'மாநிலத் தலைவர்' கிடையாது, மாநிலச் செயலாளர்தான். பொதுச் செயலாளர் என்றால் அகில இந்தியப் பொறுப்பு.